பத்மா உன் வக்கீல் இல்லை, அக்கா

என் பிடிவாதக்கார மாலதியக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போனது. செத்துப்போனவளிடம் கேட்கிற கேள்வியாடா இது என்று நீயே திட்டியிருப்பாய். அதனால் விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலைத்திவசம். கிள்ளானில் நம் வீட்டில்தான் செய்கிறோம். என் வீட்டுக்காரி சாந்தி இப்போதே வாழையிலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். நீ இருந்தவரை உன்னோடு சமையலறையில் மல்லுக்கு நின்றவள், இப்போது உன் கோப்பிக் கோப்பையை யாரும் தொடக்கூடாது என்கிறாள். உயிரோடு இருக்கும்போது இந்த மரியாதை எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வெளியில்தான்.

உனக்குத் தெரியும், பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஊருக்கெல்லாம் நினைவு மலர் அடித்துக் கொடுக்கிறவன் நான். மேலே படம், கீழே நாலு வரிக் கவிதை, அதற்கும் கீழே ஆறாத் துயரில் வாடுகிறவர்களின் பெயர்கள். கவிதைகள் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கின்றன. ஒருவருடைய அப்பாவுக்குப் போட்டதை இன்னொருவருடைய அம்மாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரும் கண்டுபிடித்ததில்லை. உனக்கும் அதில் ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ‘அன்பின் சிகரமே’ என்று தட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயா? முட்டை அவித்துக் கேட்டால் வெந்நீரின் சூட்டைப் பற்றி வகுப்பு எடுக்கிறவளா?

அதனால் கவிதை கிடையாது. மலரில் இந்தக் கடிதத்தைத்தான் அச்சடிக்கப் போகிறேன். சாப்பிட வருகிற எல்லாருக்கும் ஒரு பிரதி உண்டு. பத்மாவுக்கும் ஒன்று எடுத்து வைப்பேன்.

படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நீ ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் விரிவுரையாளர். பத்மா அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவில் ஆலோசகர். நீ அவளை உன் வக்கீல் என்று நினைத்தாய். உன் வாழ்க்கையில் நடந்த அத்தனை கேடும் அந்த நினைப்பில்தான் தொடங்கியது.

அது உன் தப்பு மட்டுமில்லை, நம் சனங்களின் பழக்கம். ஐசி, அதான் அடையாள அட்டை, மாற்றப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, கவுண்டரில் ஒரு தமிழ் முகம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். தெரிந்தால் அந்த வரிசையில் போய் நிற்போம், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும். நீ டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் கதவுகளில் இருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கிறவள். அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த கையோடு வீட்டுக்கு வந்து சொன்னாய், “லீகல்ல நம்ம ஆளு ஒருத்தி இருக்கா லா ரகு. பத்மா. கிள்ளான்தான் சொந்த ஊரு.” ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சொன்னாய்.

அதன் பிறகு அவள் நம் வீட்டுக்கு வராத தீபாவளி உண்டா? மட்டன் பெரட்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். போகும்போது சாந்தி முறுக்கு கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. நானும் அவளைப் பத்மாக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இப்போது அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. உன் ஆய்வுக்கூடத்தில் புகையை வெளியே இழுக்கிற விசிறி சரியாக ஓடவில்லை. பராமரிப்புப் பிரிவுக்குப் போன் போட்டாய், பார்க்கிறோம் என்றார்கள், பார்க்கவில்லை. டீனுக்கு எழுதப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். பத்மா சாப்பிட வந்திருந்தாள். எழுதுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தாய். நான் எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ரைட்டிங்ல போடாதீங்க மாலதி,” என்றாள் பத்மா. “போட்டா யூனிவர்சிட்டிக்கு நோட்டீஸ் குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் லேப மூடணும், ரிப்போர்ட் போடணும், மேல வரைக்கும் போகும். செமஸ்டர் ஓடிக்கிட்டு இருக்கு லா.”

“ஆபத்து பத்மா. சும்மா விடச் சொல்றீங்களா?” என்றாய்.

“விடச் சொல்லல. எனக்கு ஃபோன்ல சொல்லுங்க. நான் உள்ளுக்குள்ள பேசிப் பாத்துக்கறேன். பேப்பர்ல மட்டும் வேணாம்.”

நீ சரி என்றாய். அதற்குப் பிறகு அவள் இன்னும் கொஞ்சம் அப்பளம் கேட்டாள், நான் எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு தன் வேலையைச் செய்வதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது வேலை என்றே எனக்குத் தெரியவில்லை. தோழிக்கு யோசனை சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஃபோனில் சொன்னாய். மறுபடியும் சொன்னாய். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றாள். பொறுமை போய், நம் ஹாலில் நின்றுகொண்டிருந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாய். ஜன்னலைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து விசிறியை ஓடவிட்டால் புகை வெளியே போய்விடுமாம். என் வேனில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். ஏன் அக்கா, உன் படிப்புக்கு அது போதாது என்று தெரியாதா? அந்த ஒரு நாள் வகுப்பை நிறுத்தியிருந்தால் உன்னைத் தூக்கிலா போட்டிருப்பார்கள்?

அடுத்து நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, நீதான் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாயே. ஒரு பையன் அமிலத்தை அளவு தப்பி ஊற்றினான். பழுப்புப் புகை கிளம்பியது. எல்லாரையும் வெளியே துரத்தினாய். அன்று சாயங்காலம் வரை யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் செமினியில் ஷர்மிளா என்ற பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. நுரையீரல் வெந்துபோயிருந்தது. உயிர் பிழைத்தாள். மாடிப்படி ஏற முடியாது, இனிமேல் முடியவும் முடியாதாம்.

உள்விசாரணைக்கு வெளியாளை விடமாட்டார்கள் என்று என்னைக் கேண்டீனில் உட்கார வைத்துவிட்டு நீ மேலே போனாய். பயமே இல்லாமல்தான் போனாய். “பத்மா இருக்கா, பாத்துக்குவா,” என்றாய். இருந்தாள். பல்கலைக்கழகத்தின் தரப்பில் உட்கார்ந்து உன்னைக் கேள்வி கேட்டதே அவள்தான்.

“விசிறி பழுது என்று எழுத்துமூலம் யாருக்காவது தெரிவித்தீர்களா?” என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டாளாம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீதான் காரில் சொன்னாய். இல்லை என்றாயாம். அனுமதி இல்லாமல் வெளியிலிருந்து மின்சாதனம் கொண்டுவந்தீர்களா என்றாளாம். ஆமாம் என்றாயாம். நம் வீட்டு விசிறியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மேசை மேல் வைத்திருந்தார்களாம்.

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தினேன். “எழுதாதன்னு சொன்னதே அவதானே! ஏங்க்கா சொல்லல?”

“எப்படிடா சொல்றது? அவ வேலை போயிடும். இத்தனை பெரிய ஆபீஸ்ல நம்ம ஆளுன்னு இருக்கறது அவ ஒருத்திதான். உள்ள இருந்து எனக்கு ஏதாவது செய்வா, பாரு.”

செய்தாள். உன் வேலை நீக்க உத்தரவை வார்த்தை பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். நீ அவளைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அவள் தன் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உன்னைக் காப்பாற்ற அந்த அறையில் ஒரு நாதியும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள உனக்கு எத்தனை நாள் ஆனது? புரிந்ததா, இல்லை புரியாமலேயே போய்ச் சேர்ந்தாயா?

நீ கோப்பி கலக்கும்போது சமையலறையில் விழுந்தாய். மாரடைப்பு என்றார் டாக்டர். கோபம் என்றாள் சாந்தி.

உன் சாவுக்கு வந்த மலர்வளையத்தின் கதை உனக்குத் தெரியாது, சொல்கிறேன். உன்னோடு வேலை செய்த ரொஹானாதான் ரிப்பனை என் கடையிலேயே அடித்துத் தரச் சொன்னாள். ‘எங்கள் அன்புக்குரிய விரிவுரையாளர், மாணவர்களுக்குப் பேரிழப்பு’ என்று மலாயில் அழகாக எழுதி அனுப்பியிருந்தாள். நான் அச்சில் ஏற்றும் நேரத்தில் மறுபடியும் போன். “ரகு, சாரி. லீகல் தக் பாகி,” என்று அழுதாள். சட்டப் பிரிவு அனுமதிக்கவில்லையாம். நீக்கப்பட்ட ஒருவரை அன்புக்குரியவர் என்றால், பின்னே ஏன் நீக்கினீர்கள் என்று நாளைக்கு யாராவது கேட்பார்களாம். ‘எங்கள்’ போனது. ‘பேரிழப்பு’ போனது. கடைசியில் மிஞ்சியது ‘முன்னாள் ஊழியர், அனுதாபங்கள்.’ அதை என் கையால் நானே அடித்துக் கொடுத்தேன், அக்கா. தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல சாட்டின் துணியில் அடித்தேன்.

பத்மாவும் வந்திருந்தாள். உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு அழுதாள். நல்ல அழுகை, குறை சொல்ல முடியாது.

இனி நீ இல்லாதபோது நடந்த செய்தி. ஷர்மிளாவின் அப்பா பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். பல்கலைக்கழகம் என்ன பதில் சொல்லியிருக்கிறது தெரியுமா? விசிறி பழுது என்று யாரும் அவர்களுக்குத் தெரிவிக்கவே இல்லையாம். ஒரு புகாரும் பதிவில் இல்லையாம். எல்லாம் காலஞ்சென்ற விரிவுரையாளர் தன் இஷ்டத்துக்குச் செய்ததாம். செத்தவள் எழுந்து வந்து மறுக்கமாட்டாள் அல்லவா? வழக்கில் அவர்கள் ஜெயித்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது, அவளுடைய மூச்சு முழுக்க உன் தலையில்தான் நிற்கும், காலத்துக்கும்.

அந்தப் பிள்ளையின் வக்கீல் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அக்கா வீட்டில் ஏதாவது சொன்னதுண்டா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது எப்படியோ காதில் விழுந்து, இரண்டாம் நாள் பத்மா கடைக்கு வந்து நின்றாள்.

“ரகு, நான் பத்மாவா வந்திருக்கேன். ஆபீஸ்லேர்ந்து வரல,” என்றாள்.

“எந்தப் பத்மாக்கா? வீட்டுக்குச் சாப்பிட வந்தவங்களா, கேள்வி கேட்டவங்களா?”

அவள் முகம் சுருங்கியது. எனக்கு நன்றாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளே உட்கார்ந்தாள்.

“என்னோட கிளையன்ட் யூனிவர்சிட்டி லா. ஆரம்பத்திலேர்ந்தே அதான். மாலதிக்கு அது தெரியும்னு நெனச்சேன்.”

“சொன்னீங்களா?”

“சாப்பாட்டு மேசையில யாரு அதெல்லாம் சொல்வா?”

“எழுதாதன்னு மட்டும் சாப்பாட்டு மேசையில சொன்னீங்களே.”

வெளியே பூக்கடைக்காரர் வாடிக்கையாளர் யாரையோ ‘போஸ், போஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நான் குடுத்த அட்வைஸ கோர்ட்ல பேசக்கூடாது, அது யூனிவர்சிட்டியோட ரகசியம்னு நாங்க ஆட்சேபிப்போம். அத விடு. உங்கக்காவ நெனச்சுப் பாரு. இப்ப என்ன இருக்கு? கவனக்குறைவா இருந்துட்டாங்க, அவ்ளோதான். நீ போய் அந்த ஞாயித்துக்கெழம பேசினத சொன்னா என்ன ஆவும்? ஃபேன் ஓடல, ஆபத்துன்னு தெரிஞ்சே பிள்ளைங்கள உள்ள விட்டாங்கன்னு ஆயிடும். எது மாலதிக்கு நல்லது, நீயே சொல்லு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை, அக்கா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ இருந்தபோதும் அவள் பொய் சொன்னதில்லை, யாருக்காகச் சொல்கிறாள் என்பதைத்தான் சொல்லாமல் விட்டாள். எழுந்து போகும்போது, “அவங்க எனக்கும் அக்கா மாதிரிதான்,” என்று கண்ணைத் துடைத்தாள். திவசம் எப்போது என்று கேட்டாள். சொன்னேன். அவள் வரட்டும், வந்து உன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடட்டும்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒரு கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெயரை இரண்டு தடவை அடித்துவிட்டேன். உன்னைக் கவனக்குறைவானவள் என்று சும்மா விட்டுவிடலாமா? ஊரில் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். தெரிந்தே செய்தவள் என்றால் யார் மறப்பார்கள்? என்ன செய்வது என்று தெரியாமல்தான் மறுநாள் செமினிக்கு வண்டியை விட்டேன்.

ஷர்மிளாவின் அம்மா கிரில் கேட்டைத் திறக்கவில்லை. மாலதியின் தம்பி என்று சொன்ன பிறகு பூட்டையும் போட்டார். “எதுக்கு வந்தீங்க? பாத்துட்டுப் போவவா?” என்றார். அதற்குள் ஷர்மிளா உள்ளேயிருந்து நடந்து வந்தாள். ஹாலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்? வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரும்வரை நின்றாள். பேசுவதற்கும் அவள் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அங்கிள், ஒன்னே ஒன்னு கேக்கணும். ஃபேன் ஓடலன்னு டாக்டர் மாலதிக்கு... முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நாக்கு வரை வந்தது. உனக்காக நான் எத்தனை பொய் சொன்னவன்? நீ வரன் வேண்டாம் என்றபோதெல்லாம் வந்தவர்களுக்குச் சால்ஜாப்பு சொன்னவன் நான்தானே.

“தெரியும்மா,” என்றேன்.

அவள் அம்மா, “கேட்டுக்கிட்டியா? போதுமா?” என்று மகளிடம் கத்தினார். ஷர்மிளா கம்பியை விடவில்லை.

“எனக்குச் சின்னதிலேர்ந்து வீசிங் அங்கிள். டாக்டருக்குத் தெரியும். அதனால... என்னை மட்டும் ஜன்னல் பக்கம் உக்கார வச்சாங்க. இங்கதான் காத்து நல்லா வரும்னு சொன்னாங்க.”

இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே, அக்கா. ஜன்னலைப் பார்த்து விசிறியை ஓடவிட்டாய். புகை ஜன்னல் வழியாகத்தான் போகும் என்று நீயே திட்டம் போட்டாய். அந்த ஜன்னலில், இருந்தவர்களிலேயே மூச்சு முட்டுகிற பிள்ளையை, பாசத்தோடு கூப்பிட்டு உட்கார வைத்தாய். இது உனக்கு எப்போது உறைத்தது? புகை கிளம்பியபோதா, அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் பார்த்தபோதா? கோப்பி கலக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா?

“அப்ப ஏன் அங்கிள் எங்கள உள்ள விட்டாங்க?” என்றாள் அந்தப் பிள்ளை.

பதில் உனக்குத் தெரிந்திருக்கலாம், அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்து காரில் ஏறி, கஜாங் தாண்டும் வரை உன்னைத் திட்டினேன். செத்தவளைத் திட்டக்கூடாது என்று யார் சொன்னது? வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு வக்கீலுக்குப் போன் போட்டுச் சாட்சிக்கு வருகிறேன் என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார். மேசையில் மூன்றாவது ஆளாக நான் உட்கார்ந்திருந்ததால் ரகசியம் என்கிற பேச்சு எடுபடுமா என்று பார்ப்போம், நீதிபதி முடிவு செய்யட்டும் என்றார். இந்த மலர் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். “அச்சடிக்காதீங்க சார், சாட்சி சொல்ற வரைக்கும் எதையும் ரைட்டிங்ல போடாதீங்க,” என்றார். அவர் தொழிலுக்கு அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நம் குடும்பத்தில் ஒருத்தி அந்த வார்த்தையைக் கேட்டு நடந்தது போதும்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இது உனக்குப் பிடிக்காது. கூண்டில் ஏறி நான் உன்னை நல்லவள் என்று சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்துக்குத் தெரியும் என்று சொல்வேன். எழுதாதே என்று அவர்களுடைய சட்ட ஆலோசகர் நம் வீட்டு ரசம் சாதத்துக்கு எதிரே சொன்னார் என்று சொல்வேன். உனக்கும் தெரியும், தெரிந்தே உள்ளே விட்டாய், அந்தப் பிள்ளையை அந்த ஜன்னலில் நீதான் உட்கார வைத்தாய் என்பதையும் சொல்வேன். ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன். உன் பெயர் நாறினால் நாறட்டும், அந்தப் பிள்ளை மூச்சு விடுவதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

நீ எழுத வேண்டிய புகாரை உனக்குப் பதிலாக நான் எழுதிவிட்டேன், அக்கா. தேதி போட்டு, பெயர் போட்டு, நல்ல தாளில். ஞாயிற்றுக்கிழமை பத்மா சாப்பிட்டுக் கை கழுவியதும் முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுப்பேன்.

உன் கூடப்பிறந்தவன்,
உன்னைக் காப்பாற்றப் போகாத தம்பி,
ரகு